600 டாலர் தோட்டமும் மூணு சென்ட் மனையும்: தொழிலாளர் நாவலில் நிறைவேறாத ஆசைக்கு என்ன வேலை?

வைகைக்கரை

நம்ம வாசிப்புக் குழு இந்த மாசம் எடுத்தது ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ (1937). சின்ன நாவல். ஆறே அத்தியாயம், வியாழன் சாயங்காலம் தொடங்கி ஞாயிறு முடிஞ்சிருது. ஜார்ஜும் லென்னியும் கலிபோர்னியாவுல பண்ணை பண்ணையாப் போய்க் கூலி வேலை பாக்குறவங்க. சொந்தமா ஒரு துண்டு நிலம், அதுல முயல் வளக்கணும், இதான் ஆசை. அது நடக்காதுன்னு முதல் அத்தியாயத்துலயே வாசிக்கிறவனுக்குத் தட்டுப்பட்டுருது.

நடக்காதுன்னு தெரிஞ்ச ஆசையை எதுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லணும்? அழவைக்கத்தானா? நம்ம பக்கத்துத் தொழிலாளர் கதைகள்லயும் இதே சூத்திரம்தான் ஓடுது. சொந்த வீட்டு ஆசை, ஒரு விபத்து, ஒரு மழை, முடிஞ்சது கதை. ‘சாந்துச்சட்டி’ தம்பி மதுரைக் கொத்தனார்களை வெச்சு நாவல் எழுதுறாப்ல, மூணு அத்தியாயம் இங்க ஏத்தியிருக்காரு. அவருக்கும் பயன்படுற மாதிரிப் பேசுவோம்.

கணக்குப்பிள்ளை

அண்ணே, அழவைக்கிறதுதான் நோக்கம்னா ஆசையை மங்கலா வெச்சாலே போதும். இதுல விலை போட்டு வெச்சிருக்கு.

பத்து ஏக்கர், 600 டாலர். விக்கிறவங்க வயசானவங்க, கையில காசில்ல, அந்தம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணணும். அதனாலதான் அந்த விலைக்குப் படியும். கூலி மாசம் 50 டாலர், சோறும் படுக்கையும் பண்ணையில. கேண்டிங்கிற கிழவருக்குப் பண்ணையில கை போயிருச்சு, 250 டாலர் நஷ்டஈடு குடுத்தாங்க. பேங்குல 50 இருக்கு, மாசக் கடைசியில இன்னொரு 50 வரும். ஆக 350. ஜார்ஜும் லென்னியும் ஒரு மாசம் பைசா செலவழிக்காம இருந்தா 100. மொத்தம் 450. மிச்சம் 150-க்கு ஒருத்தர் வெளிய வேலை பாத்துக் கட்டிரலாம்.

மூணாம் அத்தியாயத்துல இந்தக் கூட்டல் முடியுற இடத்தைக் கவனிங்க. அதுவரைக்கும் அந்தத் தோட்டம் லென்னியைச் சமாதானப்படுத்துற பேச்சு. கூட்டல் முடிஞ்சதும் அது ஒரு மாசத் தவணையில முடியக்கூடிய கிரயம். ஜார்ஜே நம்ப ஆரம்பிக்கிறது அங்கதான். நாவல் போட்டு உடைக்கிறது இந்த ரெண்டாவது வடிவத்தை. ஆகாசத்துல இருக்குற ஆசை போனா யாருக்கும் நட்டமில்ல. 450 வரைக்கும் வந்து நின்னது போனாத்தான் வலிக்கும்.

செல்லூர்த் தறி

கணக்கு சரி. ஆனா எனக்கு அதைவிடப் பெருசாத் தெரியுறது, அந்த ஆசை யாரை யார்கிட்டப் பேச வைக்குதுங்கிறது.

கேண்டியோட கிழட்டு நாயைச் சுட்ட அதே ராத்திரிதான் அவர் 350 டாலரை நீட்டுறார். கூட்டிப் பெருக்க முடியாமப் போனா தனக்கும் அதே கதின்னு அவருக்குத் தெரியும். குதிரைலாயத்துக் கறுப்பினத் தொழிலாளி க்ரூக்ஸ் முதல்ல சிரிக்கிறார், இப்படித் தலைக்குள்ள நிலத்தை வெச்சுக்கிட்டு வந்த நூத்துக்கணக்கான ஆளுங்களைப் பாத்துட்டேங்கிறார். கேண்டி பணம் சேந்திருச்சுன்னதும் அவர் குரலே மாறுது. சம்பளம் வேணாம், சோறு போட்டாப் போதும், நானும் வாறேன்னு கேக்குறார். பண்ணை முதலாளி மகன் கர்லியோட மனைவி வந்து ஒரு மிரட்டு மிரட்டினதும், சும்மா சொன்னேன்னு பின்வாங்கிடுறார்.

ஒருத்தர் ரொக்கத்தோட வாறார், ஒருத்தர் உழைப்பை மட்டும் வெச்சுக்கிட்டு வாறார், அந்தப் பொண்ணை யாருமே கூப்பிடல. அவளுக்குன்னு ஒரு ஆசை தனியா இருக்கு, சினிமாவுல சேத்துவிடுறேன்னு சொன்னவன்கிட்டேருந்து வராத கடிதம். நாவல் முழுக்க அவளுக்குப் பேர் கிடையாது. ஆசையை வெச்சு அந்தப் பண்ணையோட மேல்கீழ் வரிசையையே காட்டிட்டார் மனுஷன். இதுக்குத்தான் ஆசை. அழுகை உபரி.

சாந்துச்சட்டி

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. என் நாவல்ல செல்வம் 40 வயசுக் கொத்தனார், மனைவி பாண்டியம்மா சித்தாள். சிலைமான் பக்கம் மூணு சென்ட் வாங்கணும்னு ஆசை. கடைசியில வெள்ளம் வந்து எல்லாம் போற மாதிரி வெச்சிருந்தேன். வைகைக்கரை அண்ணன் சொன்ன ‘ஒரு மழை’ என்னையத்தான்னு புரியுது. வெள்ளம் இல்லாம எதுல உடைக்கலாம்?

பத்திர ஆபீஸ் வாசல்

தம்பி, மனை வாங்குறதுல உடைய இடமா இல்ல? மொத்தம் எத்தனை காகிதம் இருக்கோ அத்தனை இடத்துலயும் உடையும்.

கதை எந்த வருஷம்னு முதல்ல முடிவு பண்ணுங்க. மூணு சென்ட்னா 1,306 சதுர அடிச் சொச்சம். கதைக்கு சென்ட் 2 லட்சம்னு வெச்சா 6 லட்சம். செல்வம் மனசுல இருக்குறது அந்த 6 மட்டும்தான். பத்திரச் செலவு அவர் கணக்குல இருக்காது. பத்திர மதிப்பு 6 லட்சம்னா, 2017-லேருந்து 2023 வரைக்கும் முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சேத்து 11%, அதாவது 66,000. 2023-ல பதிவுக்கட்டணத்தைக் குறைச்சப்புறம் 9%, அதாவது 54,000 (வழிகாட்டி மதிப்பும், அதாவது பதிவுக்குன்னு அரசு வெக்கிற விலையும், அந்த வருஷம் மாறுச்சு, அதை மறந்துறாதீங்க). 2025 ஏப்ரலுக்கு மேல, 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பொம்பளையாள் பேர்ல பதிஞ்சா இன்னும் ஒரு சதவீதம் கம்மி, 48,000. பாண்டியம்மா பேர்ல வாங்குறதா செல்வம் பேர்ல வாங்குறதாங்கிற பேச்சு 6,000 ரூபாயில கிளம்பும். வீட்டுக்குள்ள நடக்குற சண்டைக்கு இதைவிட நல்ல காரணம் தேடவேணாம்.

அடுத்தது அக்ரிமெண்ட். சட்டப்படி பதியணும். நடப்புல முத்திரைத்தாள்ல எழுதி ரெண்டு சாட்சிக் கையெழுத்தோட முடிச்சிருவாங்க. 50,000 முன்பணம், ஆறு மாசக் கெடு. கெடுவுக்குள்ள மீதியைக் கட்டலைன்னா முன்பணம் திரும்ப வராதுன்னு ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த ஒரு வரிதான் உங்க நாவலோட கடிகாரம்.

மூணாவது, அங்கீகாரம் இல்லாத மனை. சென்ட் சல்லிசாக் கெடைக்கிற மனைகள்ல நெறைய இந்த ரகம். 2016 அக்டோபர் 20-க்கு முன்னால மனையாப் பதிவாகியிருந்தா வரன்முறை பண்ண வழி உண்டு. அதுக்கு அப்புறம் கல்லு நட்டுப் பிரிச்சதுன்னா பதிவே நடக்காது. தரகர் சொல்ற வசனம் எப்பவும் ஒண்ணுதான்: “பவர் எழுதித் தாறேன், அப்ரூவல் வந்ததும் பதிஞ்சுக்குவோம்.” செல்வம் வில்லங்கச் சான்று போட்டுப் பாப்பார், சுத்தமா இருக்கும். மனுஷன் நிம்மதியாயிருவார். மனை அப்ரூவலா இல்லையாங்கிறது வில்லங்கத்துல தெரியாது.

நாலாவது, சிலைமான் பக்கம்னா கண்மாயையும் பாசன வாய்க்காலையும் பாத்து எழுதுங்க. புறம்போக்குல ரெண்டடி உள்ள போயிருந்தாக்கூடப் பட்டா மாத்தும்போது சர்வேயர் நிறுத்திருவார். வெள்ளம் வேணும்னா அது கண்மாய் உள்வாயில போட்ட மனைங்கிறதுனால வரட்டும். அப்ப அது இயற்கைச் சீற்றம் ஆகாது, யாரோ தெரிஞ்சே வித்தது.

சாரம்

மேல உள்ளதெல்லாம் வாங்குற பக்கம். கொத்தனாரோட ஆசை கொத்தனார் பாஷையில இருக்கணும்ங்கிறதையும் சேத்துக்கங்க. உங்க மூணாம் அத்தியாயத்துல செல்வம் “ஒரு அழகான வீடு” பத்தி நினைக்கிறார். கொத்தனார் அப்படி நினைக்க மாட்டார்.

அவர் நினைக்கிறது இப்படி இருக்கும்: பத்துக்குப் பன்னெண்டு ஒரு ரூம், எட்டுக்கு ஏழு அடுப்படி. தரைமட்டத்துலேருந்து பேஸ்மெண்ட் மூணடி, ஏன்னா ரோடு போடப் போட உசரும். ஒம்பது இஞ்ச் சுவர் நூறு சதுர அடிக்குச் செங்கல் ஆயிரத்தைத் தாண்டும். உள்சுவரை நாலரை இஞ்ச்ல எழுப்பினா பாதியா மிச்சம். படி உள்ள வெச்சா எடம் போகும், வெளிய வெச்சா பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். மத்தவன் வீட்டுல பூச்சு வேலை பாக்கும்போதே இதெல்லாம் மனசுல ஓடிக்கிட்டிருக்கும்.

முன்பணம் குடுத்த ஞாயித்துக்கிழமை அவர் அந்த மனையில போய் நாலு முளை அடிச்சு நூல் பிடிச்சு, மூலைமட்டம் வெச்சுப் பாத்து, சுண்ணாம்புத்தூளால கோடு போடட்டும். மூலை சரியான்னு பாக்க மூணு, நாலு, அஞ்சு அடி அளப்பாங்க: ஒரு பக்கம் மூணடி, இன்னொரு பக்கம் நாலடி குறிச்சா குறுக்கே அஞ்சடி வரணும். பாண்டியம்மா கோட்டைத் தாண்டி உள்ள போகாம, வாசல் விட்ட எடத்துல நடந்து போகட்டும். ஆசையைப் பத்தி ஒரு வார்த்தை எழுத வேணாம். கிரயம் ஆகாத நிலத்துல கோடு போடுறது சட்டப்படி தப்புன்னு யாராச்சும் சொல்லுவாங்க, சொல்லட்டும்.

இன்னொண்ணு: திருப்பரங்குன்றம் பக்கத்துல ஹார்விபட்டி இருக்கு, ஹார்வி மில் தன் தொழிலாளிகளுக்காக உருவாக்குன குடியிருப்பு. ஒரு தலைமுறைக்குக் கெடைச்ச வீட்டு வரிசையைத் தாண்டித் தினம் பைக்குல வேலைக்குப் போற கட்டட ஆளு, அது போதும். நிரந்தர வேலைக்கும் அன்னாடக் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை வசனமாச் சொல்லத் தேவையே இருக்காது.

பிரிவு பதினேழு

கணக்குப்பிள்ளை சொன்ன அந்த 250 டாலரைப் பிடிச்சுக்கங்க தம்பி. கை போனதுக்கு வந்த காசுதான் அந்தத் தோட்டத்துக்கு முதல் பெரிய முதலீடு. உடம்புல ஒரு பாகம் போனதாலதான் ஆசை கிட்ட வருது. இதை மதுரையில எழுதினா இன்னும் கூர்மையா வரும், ஏன்னா நம்ம ஊர்ல அதுக்கு அட்டவணையே இருக்கு.

2025 நவம்பர் வரைக்கும் நடப்புல இருந்தது 1923-ஆம் வருஷத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், அப்புறம் அதுக்குப் பதிலா சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துருச்சு; நான் சொல்றது பழைய சட்டத்துக் கணக்கு. அதோட முதல் அட்டவணையில கட்டைவிரல் முழுசாப் போனா 30%, ஆள்காட்டி விரல் 14%, நடுவிரல் 12%ன்னு போட்டிருக்கு. கணக்குப் போடுற விதம்: மாசச் சம்பளத்துல 60%, அதை வயசுக்கு உள்ள காரணியால பெருக்கணும், வர்ற தொகையில ஊனச் சதவீதம். 2020-லேருந்து சம்பள உச்சவரம்பு 15,000. அதுக்கு மேல எவ்வளவு சம்பாதிச்சாலும் 15,000-ன்னுதான் எடுப்பாங்க. 40 வயசுக்குக் காரணி 184.17. செல்வத்துக்குக் கட்டிங் மெஷின்ல கட்டைவிரல் போச்சுன்னா, 9,000 பெருக்கல் 184.17, அதுல 30%. வர்றது 4,97,259 ரூபாய். மனை 6 லட்சம். பாருங்க, கிட்டத்தட்ட வந்துருச்சு. ஆனா கட்டைவிரல் இல்லாம கொத்துக்கரண்டி பிடிக்க முடியாது. மனை வாங்கலாம், வீட்டை அவர் கையால எழுப்ப முடியாது.

நடைமுறை இன்னும் மோசம். ஆஸ்பத்திரி வார்டுக்கே காண்ட்ராக்டர் ஆள் வருவார், 30,000 ரொக்கத்தோட, எழுதின தாளோட. “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை”ன்னு கையெழுத்து கேப்பார் (பெருவிரல் ரேகை கேட்டா அந்த இடத்துல நாவலே நின்னுபோகும், அந்த வித்தையைத் தயவுசெஞ்சு பண்ணிறாதீங்க). அந்தப் பழைய சட்டத்தோட 17-ஆம் பிரிவுப்படி, உரிமையை விட்டுக்குடுத்து எழுதின ஒப்பந்தம் செல்லாது. செல்வத்துக்கு அது தெரியாது. கையெழுத்துப் போட்டாச்சுல்ல, இனி கேஸ் நிக்காதுன்னு நினைச்சு விட்டுருவார். விபத்து நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள இழப்பீட்டு ஆணையர்கிட்ட மனு போடணும், அந்தக் கெடுவும் ஓடிக்கிட்டிருக்கும். நீங்க வில்லனையே வைக்க வேணாம். தெரியாமை போதும்.

சப்-காண்ட்ராக்ட் மேஸ்திரி கையை விரிச்சா, அதே சட்டத்து 12-ஆம் பிரிவுப்படி முதன்மை முதலாளியைப் பிடிக்கலாம். தொகை ஒரு மாசத்துக்கு மேல தாமதமானா 12% வட்டி. இதையெல்லாம் ஒரு சங்கத்துக்காரர் பாத்திரம் வழியாச் சொல்லலாம், ஆனா அவர் கதைக்குள்ள தாமதமா வரணும்.

கவனம்: செல்வம் இ.எஸ்.ஐ.யில பதிவான ஆளா இருந்தா இந்தக் கணக்கே வராது. அங்க ஊனத்துக்கு மாசாமாசம்தான் பணம், மொத்தத் தொகை கையில கெடைக்காது. பாதுகாப்பான ஏற்பாடு, ஆனா அதை வெச்சு மனை வாங்க முடியாது. மில் தொழிலாளியா கட்டடத் தொழிலாளியாங்கிறதைப் பொறுத்து ஆசை உடையுற விதமே மாறும்.

கணக்குப்பிள்ளை

அந்த 50,000 முன்பணம் எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதாம விட்றாதீங்க. வழி ரெண்டு.

ஏலச்சீட்டு: 20 பேர், மாசம் 5,000, சீட்டு ஒரு லட்சம். நாலாவது மாசம் அவசரத்துக்கு எடுக்குறார் செல்வம். இன்னொருத்தனும் அவசரக்காரன், ஏலம் ஏறி 28,000 தள்ளிக் கேட்டாத்தான் கெடைக்குது. கைக்கு 72,000. சீட்டு நடத்துறவருக்குக் கமிஷன் 5,000 போக, மீதி 23,000-ஐ 20 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 1,150 கழிவு. செல்வத்துக்கும் அந்த 1,150 உண்டு, அதை மிச்சம்னு நினைச்சுச் சந்தோசப்படுவார். மீதி 16 மாசமும் கட்டியாகணும்.

தண்டல்: 10,000 எழுதி 8,500 கையில, தினம் 100, நூறு நாள். ஐப்பசி மழையில கட்டட வேலை நிக்கும், தண்டல்காரர் வண்டி நிக்காது. அந்த மாசம் பாண்டியம்மா எங்க ஒளியுறா, எந்தப் பக்கத்து வீட்டுப் பொண்ணு “அக்கா ஊருக்குப் போயிருக்கு”ன்னு சொல்லுது, அந்தப் பொண்ணுக்குப் பதிலுக்கு என்ன செய்ய வேண்டியிருக்கு, அங்க ஒரு அத்தியாயம் இருக்கு.

வைகைக்கரை

எல்லாம் சரிதாம்ப்பா, ஆனா நீங்க சொல்றதை அப்படியே எழுதினா நாவல் பட்ஜெட் அறிக்கையாப் போயிரும். ஸ்டைன்பெக் 11%, 30%னு எழுதல.

செல்லூர்த் தறி

எழுதலதான். ஆனா அந்த நிலத்துக்கு அவர் போட்ட தொகைகள் மொத்தமே ஏழெட்டுதான், அதுல ஒண்ணுகூடத் தப்பா நிக்கல. எழுதுறவன் மூணு நோட்டு கணக்குப் போட்டுட்டு நாவல்ல ஆறு எண்ணை வெக்கணும். ஒரு காட்சிக்கு ஒரு எண். அதுவும் யாராவது ஒருத்தர் தப்பாக் கூட்டி இன்னொருத்தர் திருத்துற மாதிரி வந்தா வாசகன் முழிச்சுக்குவான். சாந்துச்சட்டி தம்பி, உங்க கதையில நான் எண் போடச் சொல்றது மூணே இடம்: முன்பணம், கெடு தேதி, ஆஸ்பத்திரியில நீட்டின தொகை. 4,97,259-ங்கிறதை ரெண்டு வருஷக் கெடு முடிஞ்சதுக்கு அப்புறம் யாராச்சும் போகிற போக்குல சொல்லட்டும்.

திரும்பச் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு. தோட்டத்துக் கதையை ஜார்ஜ் முழுசாச் சொல்றது மூணு தடவை. முதல் தடவை ஆத்தங்கரையில, அலுப்போட, லென்னி கெஞ்சுறதால. ரெண்டாவது தடவை படுக்கைக் கொட்டகையில, கேண்டி ஒட்டுக் கேக்குறார், அங்கதான் விலை வருது. மூணாவது திரும்ப அதே ஆத்தங்கரை, இந்தத் தடவை சொல்றவன் கையில லென்னியைச் சுடத் துப்பாக்கி. சொல்ற விசயம் மாறல, எதுக்குச் சொல்றாங்கிறது மாறிருச்சு. உங்க கதையில செல்வம் எப்பப் பாத்தாலும் ஒரே காரணத்துக்காக வீட்டைப் பத்திப் பேசுறார். ஒரு தடவை பொண்டாட்டியைச் சமாதானப்படுத்தப் பேசட்டும், ஒரு தடவை சீட்டுக்காரர்கிட்ட நம்பிக்கையான ஆளுன்னு காட்டப் பேசட்டும், ஒரு தடவை தண்டல்காரரை ஏமாத்தப் பேசட்டும்.

பாண்டியம்மாவுக்கு ஆசையே இல்லாம விட்டிருக்கீங்க. அவ ஆசையும் மூணு சென்ட்தான்னு எடுத்துக்கிட்டீங்க. அவ நாள் முழுக்க சாந்து சுமக்குறா, வேலைக்கு ஏத்த கூலி அவளுக்கு வர்றதில்ல. அவளுக்குக் கொத்து வேலை தெரியும், பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டா, கரண்டியைக் கையில குடுக்கத்தான் யாரும் இல்ல. அவ ஆசை கொத்தனார் சம்பளமா இருந்தா? செல்வத்துக்குக் கட்டைவிரல் போன அன்னைக்கு அந்த வீட்டுல பூச முடிஞ்ச கை யாரோடது? இப்ப ரெண்டு ஆசை ஒரே வீட்டுக்குள்ள இடிக்குது. ஒண்ணு போனாத்தான் இன்னொண்ணுக்கு வழி.

சாந்துச்சட்டி

அக்கா, இது எனக்குத் தோணவே இல்ல. அப்ப வெள்ளத்தைத் தூக்கிட்டேன். ஆனா மேஸ்திரி அவ கையில கரண்டி குடுப்பாரா? நம்ப வைக்கிற மாதிரி எப்படி எழுதுறது?

சாரம்

நேரடியாக் கொத்தனார் வேலைக்கு எடுக்க மாட்டார். அப்படி எழுதினா பொய்யாப் போகும். சில்லறை வேலையில ஆரம்பிக்கட்டும்: பூச்சு முடிஞ்ச சுவர்ல ஒயர் பொதிச்ச பள்ளத்தை அடைக்கிறது, டைல்ஸ் சந்துல ஒயிட் சிமெண்ட் இழுக்குறது, ஜன்னல் ஓரம் மூலை எடுக்குறது. சம்பளம் சித்தாள் சம்பளம்தான் எழுதுவாங்க, வேலை மட்டும் கொத்தனார் வேலை. சனிக்கிழமை சம்பளத்துல அந்த வித்தியாசத்தை அவ கேக்கணும். தப்பு எங்க வரும்னும் எழுதுங்க: முதல் பூச்சுல சுவரை நனைக்காம அடிச்சிருவா, செங்கல் தண்ணியை உறிஞ்சி மறுநாள் வெடிப்பு விடும். செல்வம் கட்டைவிரல் போன கையோட பக்கத்துல உக்காந்து, நனைச்சியான்னு கேக்கட்டும்.

வைகைக்கரை

முடிவுக்கு ஒரு விசயம். லென்னி கையால கர்லியோட மனைவி செத்துப்போனது தெரிஞ்சதும் கேண்டி பயந்துக்கிட்டே கேக்குறது, நாம ரெண்டு பேருமாச்சும் அந்த நிலத்துக்குப் போவமான்னுதான். ஜார்ஜ் சொல்றது, மாசம் முழுக்க வேலை பாப்பேன், 50 டாலரை வாங்குவேன், ஊருக்குள்ள போய்ச் செலவழிச்சுருவேன். நிலத்துக்குன்னு ஒதுக்குன அதே 50. ஆசை போனப்புறம் அந்தக் காசு எங்க போகுதுன்னு காட்டிட்டு நகந்துடுறார். நீங்களும் அந்த 50,000 முன்பணம் யார் கைக்குப் போச்சுன்னு முடிவு பண்ணுங்க. மனைக்காரர் கெடுவைக் காட்டி வெச்சுக்கிட்டா, அவரும் அந்தப் பணத்துல எந்தக் கடனை அடைச்சாருன்னு ஒரு வரி வேணும்.

பத்திர ஆபீஸ் வாசல்

அதோட அக்ரிமெண்ட்ல மனைக்காரரோட வாரிசுகள் கையெழுத்து இருக்கான்னும் பாத்துக்கங்க தம்பி. பூர்வீகச் சொத்துன்னா மகன், மக எல்லாருக்கும் பங்கு உண்டு. செல்வம் முழுப் பணத்தோட போய் நின்னாலும் ஒரு தங்கச்சி கையெழுத்துப் போடாம கிரயம் இழுபடும். கெடு தாண்டினது செல்வத்தால இல்லைன்னு ஆனா முன்பணத்தைத் திருப்பிக் கேக்கலாம், நோட்டீஸ் விடலாம். கேக்குறாரா இல்லையாங்கிறது உங்க கையில.

சாந்துச்சட்டி

பாண்டியம்மா கேப்பா. நாலாம் அத்தியாயத்தைத் திருத்தி ஏத்துறேன், சுண்ணாம்புக் கோட்டை மட்டும் சாரம் அண்ணன் பாத்துச் சொல்லணும்.